மூணடியாரின் நாலுகால் வண்டி

லிஃப்ட் மெக்கானிக் செய்த நாலுகால் வண்டி பதினோரு ஆண்டுகளாகப் பேட்டரி இல்லாமல் நடக்கிறது. நடுவில் இருபத்திரண்டு நாள் மட்டும் நின்றது. உயரம் ஒரு ஜாண்கூட இருக்காது. எடை நூற்று அறுபது கிராம். உடம்பு ஒரு சோப்பு டப்பாவின் மூடி, கால்கள் சைக்கிள் சக்கரத்துக் கம்பி, பாதங்களுக்கு நான்கு துண்டாக வெட்டிய பென்சில் ரப்பர், உள்ளே பழைய கேசட் பிளேயரிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டார். பேட்டரி வைக்க இடம் விட்டிருக்கிறது, அதில் பேட்டரி இல்லை. வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடும் கிடையாது, சாவி கொடுத்து முறுக்கும் வில்லும் கிடையாது. வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்து, அதன் பின்னாலேயே அரை நாள் குனிந்து நடந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். பிறகு அவர்கள் எழுதி அனுப்பிய ஆறு பக்கத்தில் தப்பு என்று ஒன்றும் இல்லை. விஷயம்தான் இல்லை.

மெக்கானிக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் மூணடியார். சைக்கிள் கடை மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பேர் கூடுவார்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர், பல்செட் செய்பவர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவுபவர், வரி அலுவலகத்து எழுத்தர், இவர். ஐந்து பேருக்கும் ஒரே கிறுக்கு, தானாக நடக்கும் பொம்மை செய்வது. சக்கரம் வைக்கக் கூடாது, கால்தான் வேண்டும். இருந்தாலும் அதை வண்டி என்றுதான் சொல்வார்கள். நடக்க வைப்பதற்கென்றே ஒன்பது அடி நீளத்தில் ஒரு மேஜை இருந்தது. மற்றவர்களின் வண்டிகள் ஐந்தடியோ ஆறடியோ போய்ச் சாய்ந்தன. மெக்கானிக்கின் வண்டிகள் பத்தொன்பது வருடமாக மூன்றாவது அடியைத் தாண்டவில்லை. பெரிய பேட்டரி வைத்தால் கால் மடங்கியது. கால் தாங்குகிற பேட்டரி வைத்தால் மூன்றடியில் உயிர் போனது. கம்பியைத் தடிமனாக்கினால் மோட்டார் திணறியது, மோட்டாரைப் பெரிதாக்கினால் மறுபடியும் பெரிய பேட்டரி கேட்டது. இந்தச் செக்கைத்தான் அவர் பத்தொன்பது வருடம் சுற்றினார். அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மேஜையின் மறுமுனையைத் தொட்ட வண்டியை, செய்தவரே அங்கேயே எல்லார் முன்னாலும் கடைசித் திருகாணி வரை பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இது தொழில்நுட்பம் இல்லை, கண்கட்டு வித்தை என்பது கடிகாரக்காரரின் கட்சி. சட்டம் போட்ட நாளிலிருந்து அதற்கு வேலை வந்ததில்லை.

மூணடியாரின் மனைவி தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். வீடு வீடாகப் போய், வாசலில் மண் மூடிக் கிடக்கும் மீட்டரின் மூடியைத் தூக்கி, எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கும் உத்தியோகம். ஊர் அவரை மீட்டர்க்காரம்மா என்றது. ஒரு நாளைக்கு எழுபது வீடு, எட்டு மணி நேரம், பூராவும் நடை. எந்தத் தெருவில் எந்தக் கல் ஆடும், எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. உலகத்தை மேலே ஏற்றி இறக்குகிற கணவர், உலகத்தை அளக்கிற மாதிரி நடக்கிற மனைவி, குடியிருந்தது என்னவோ தரைத்தளத்தில் இரண்டு அறை. கணவரின் வேலை மேஜையும் கட்டிலும் ஒரே அறையில் இருந்ததால், இருபது வருடமாக ஈயம் உருகும் வாசனையில்தான் அந்தம்மா தூங்கினார். அதைப் பற்றிக் குறைசொன்னதில்லை. மனுஷனுக்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை என்று தங்கையிடம் சொல்லிக்கொள்வார்.

பதினோரு ஆண்டுக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் மீட்டர்க்காரம்மா, முந்தின நாள் முடிக்காமல் விட்ட இருபது வீட்டையும் முடித்துவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு அப்படியே கட்டிலில் சாய்ந்தார். மேஜையில் புது வண்டி, சோதனைக்காகச் சுவர் பிளக்கிலிருந்து இழுத்த வயரில், நாலு காலையும் உதறிக்கொண்டிருந்தது. மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும் சின்னச் சுற்று நிலைகொள்ளவில்லை. லிஃப்ட் வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே இயந்திர அறைக்குள் போனதும் முதலில் ஒரு வயரின் நுனியை எடுத்துப் பக்கத்தில் இருக்கிற இரும்புச் சட்டத்தில் கடிக்கவிட்டு எர்த் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்கள். முப்பது வருடப் பழக்கம், கைக்கு மூளை தேவைப்படவில்லை. வண்டியின் கறுப்பு வயரில் பல் வைத்த கிளிப்பை மாட்டி, கைக்கு எட்டிய இரும்பில் கடிக்கவிட்டார். கைக்கு எட்டிய இரும்பு கட்டில் கால். உதறல் நின்றது. வண்டி நிமிர்ந்தது. முன்கால் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, பின்கால்களை இழுத்துக்கொண்டு, மேஜையின் நுனி வரை போய் நின்றது. பிளக் வயர் எப்போதோ கழன்று கிடந்ததும், பேட்டரியை இன்னும் மாட்டவில்லை என்பதும் அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கிளிப்பை எடுத்தார். வண்டி திரும்பி மறுநுனிக்கு நடந்தது.

நாலரை மணிக்கு விழித்த மீட்டர்க்காரம்மா எழுந்து நிற்கப் பார்த்துக் கீழே விழுந்தார். வைத்தியர்கள் ஊசியால் குத்தினார்கள், சுத்தியால் தட்டினார்கள், படம் எடுத்தார்கள். எலும்பு சரி, நரம்பு சரி, ரத்தம் சரி. மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்ட பெரிய டாக்டரிடம் அவர் நிதானமாகச் சொன்னார்.

“மரத்தெல்லாம் போகலைங்க. கால் நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க இல்ல.”

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. நாலாவது நாள் மூணடியார் சமையலறையில் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத்தில் ரப்பர் பாதம் வழுக்குகிறதா என்று வண்டியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து குரல் வந்தது, என் பாதத்தில் ஏன் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று. எட்டிப் பார்த்தார். போர்வை உலர்ந்துதான் இருந்தது. வண்டியை எடுத்து அடுப்புக்குப் பக்கத்துத் தரையில் வைத்தார். இப்போது சுடுகிறது என்றது குரல். அவர் வண்டியை மேஜைக்கு எடுத்துப் போய்த் துடைத்து வைத்துவிட்டு, ஒன்றும் இல்லை, உனக்குப் பிரமை என்றார்.

அன்றைக்கே அதைப் பிரித்திருக்க வேண்டும். திருகாணி எட்டு, வேலை கால் மணி நேரம். பிரித்திருந்தால் கால் திரும்பி வந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நாலே நாள் ஆகியிருந்தது, வந்திருக்கலாம். அவர் பிரிக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அது நடந்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் கையால் செய்ததில் நடந்தது அது ஒன்றுதான். மேஜை நாள் என்று வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அது முடியட்டும், சட்டப்படி எப்படியும் பிரித்தாக வேண்டும், அப்போது தானாகச் சரியாகிவிடும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். இதை எழுதுகிற எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. கெட்டவர் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மூன்று வாரமும் மனைவியைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அவர்தான்.

மேஜை நாளில் வண்டி ஒன்பது அடியையும் நடந்து, நிற்காமல், மறுமுனையில் காலை வெளியே வைத்து விழுந்தது. அதே நேரத்தில் வீட்டில் மீட்டர்க்காரம்மா விழுகிறேன், விழுகிறேன் என்று கத்திக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதை, துணைக்கு வந்திருந்த தங்கை பார்த்தாள். மாடியறையில் நான்கு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். கடிகாரக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திருப்புளியை எடுத்து மூணடியாரின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். மூணடியார் திருப்புளியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு வண்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினார். திறக்காத வண்டி வண்டியே இல்லை என்று சொல்லி, கூட்டத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். உள்ளே பேட்டரியை ஒளித்து வைத்திருப்பார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு அவருக்கு வசதியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள். வண்டியைப் பெட்டியில் போட்டுப் பூட்டினால் உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தது, கட்டிலில் மனைவிக்குக் கால் கட்டிப்போட்ட மாதிரி வலித்தது. வலியைப் பொறுக்காமல் கதவைத் திறந்து விட்டார். காலை ஏழரைக்கு வண்டி வாசலைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, முதல் வீட்டு மீட்டருக்கு முன்னால் போய் நின்றது. பிறகு அடுத்த வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பத்து நிமிஷம் பிடித்தது, முன்கால்கள் நடக்க, பின்கால்கள் இழுபட்டு வந்தன. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியது. முதல் வாரம் தெருப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள், இரண்டாம் வாரம் அவர்களுக்கும் அலுத்துவிட்டது. தண்ணீர் அலுவலகம் மீட்டர்க்காரம்மாவுக்கு நீண்ட விடுப்பு கொடுத்து, தற்காலிக ஆளாகத் தங்கையைப் போட்டது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்த தங்கைக்கு எந்த மூடி எந்த மண்ணுக்குக் கீழே என்று தெரியவில்லை. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே தோண்டினாள், மீட்டர் இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நடந்தால் சரி என்கிற ரகம்.

உண்மையை வெளியே கொண்டுவந்தவளும் அவள்தான். ஒரு மழைக்காலத்து மாலையில் அவள் அக்காவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு எந்தத் தெரு போனாய் என்று கேட்ட அக்கா, பதில் வருமுன்பே தானே சொல்லத் தொடங்கினார். தையல்காரர் வீட்டுப் படி உடைந்திருக்கிறது, பக்கத்தில் சிமெண்ட் இன்னும் காயவில்லை, நாலாவது வீட்டில் வாசலில் மணல் கொட்டியிருக்கிறார்கள், பாதம் முழுக்க நறநற என்கிறது. எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருந்தது. மூன்று வருடமாகக் கட்டிலை விட்டு இறங்காதவர். தங்கை சீப்பை வைத்துவிட்டு வண்டியைத் தூக்கி, அதன் ரப்பர் பாதத்தில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அந்தப் பாதத்தைச் சுரண்டினாள். அக்கா கூச்சத்தில் துள்ளினார்.

மூணடியார் வேலை முடிந்து வந்தபோது இரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. கிளிப், கட்டில் கால், கறுப்பு வயர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மீட்டர்க்காரம்மா முழுவதையும் கேட்டார்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நாலாவது நாளு.”

அதற்குப் பிறகு நாற்பது நாள் அந்தம்மா கணவரோடு பேசவில்லை. வண்டி மட்டும் வழக்கம்போல ஏழரைக்குக் கிளம்பிப் போய்வந்தது. நாற்பத்தோராம் நாள், வண்டியைப் பிரிக்கச் சொன்னார். வீட்டில் இல்லை, அந்த மாடியறையில், அந்த மேஜைமேல், நான்கு பேர் முன்னால். எதனால் ஓடியது என்பதையும் அங்கேயே அவர் வாயால் சொல்ல வேண்டும். தங்கை கூடப் போய் நின்று கேட்டுவிட்டு வர வேண்டும். கிளம்புவதற்கு முன் பழைய செருப்பைக் கழுவிக் கட்டிலுக்குக் கீழே, கால் வைத்தால் சரியாக நுழைகிற மாதிரி வைக்கச் சொன்னார். ஒரு நல்ல நாளுக்கென்று வைத்திருந்த புடவையையும் கட்டிக்கொண்டார்.

மாடியறையில் மூணடியார் எட்டுத் திருகாணியையும் கழற்றினார். கழற்றிக்கொண்டே சொன்னார். பேட்டரி இடம் காலியாக இருந்ததை நான்கு பேரும் முறைவைத்துப் பார்த்தார்கள். மோட்டார் வெளியே வந்தது, கம்பிக்கால்கள் வரிசையாகக் கிடந்தன. அவர் சொல்லி முடித்தார். வரி அலுவலகத்து எழுத்தர், அந்தக் கறுப்பு வயர் எத்தனை கேஜ் என்று கேட்டார்.

“எங்கக்கா காலு போச்சுன்னு சொல்லிட்டிருக்காரு, வயரு என்ன தடிமன்னு கேக்கறீங்க. நீங்கள்லாம் வீட்ல யாரோடயாவது பேசுவீங்களா?” என்றாள் தங்கை.  கடிகாரக்காரர் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தாளில் மடித்து மூணடியாரிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது செருப்பு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மீட்டர்க்காரம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கால் வரவில்லை. மூன்று வருடமாக எங்கேயோ நடந்துகொண்டிருந்த கால், மோட்டாரைக் கழற்றிய நிமிஷத்தில் எங்கேயுமே இல்லாமல் போனது. தரையும் இல்லை, ஈரமும் இல்லை, சூடும் இல்லை. முன்னேயாவது தெரு இருந்தது, இப்போது இடுப்புக்குக் கீழே இருட்டாக இருக்கிறது என்று தங்கையிடம் சொல்லி அழுதார். அவர் அழுது தங்கை பார்த்தது அதுதான் முதல் தடவை. செருப்பை எடுத்து வைக்கத் தங்கைக்கு மனம் வரவில்லை. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இருபத்திரண்டு நாள் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். மூணடியார் அன்றைக்கே வண்டியைத் திரும்பப் பூட்டினார். நடக்கவில்லை. கட்டில் காலில் கிளிப்பைக் கடிக்கவிட்டார், மனைவி மூச்சுப்பிடித்துப் படுத்திருந்தார், நடக்கவில்லை. பேட்டரி போட்டுப் பார்த்தார், மூன்றடி போய்ச் சாய்ந்தது. கடிகாரக்காரர் தாமாகவே வந்து நான்கு நாள் கூட உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாணியும் பழைய இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தார், பிரயோசனமில்லை. பல்செட்காரர் புது ரப்பர் பாதம் வார்த்துக் கொண்டுவந்தார். முன்கால்களைத் தொட்டால் மட்டும் ஓர் அதிர்வு, உள்ளே யாரோ முயற்சி செய்கிற மாதிரி. பத்தொன்பதாம் நாள், ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் கயிறுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது மூணடியாருக்கு அது பிடிபட்டது. லிஃப்டின் கூண்டு மோட்டாரின் பலத்தில் மட்டும் ஏறுவதில்லை. கயிற்றின் மறுமுனையில் கூண்டுக்கு ஈடாக ஒரு எடை தொங்குகிறது. எடை கீழே போனால் கூண்டு மேலே வரும். ஒரு பக்கத்தில் மட்டும் பாரம் இருந்தால் மோட்டார் என்ன கத்தினாலும் நகராது. மனைவியின் நடை வண்டிக்குள்ளே ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, மறுபக்கத்தில் யாரும் இல்லை. தன் கால் கீழே போனால் அவள் கால் மேலே வரும். இது அவர் போட்ட கணக்கு. முப்பது வருடத்தில் அந்தக் கணக்கு எந்தக் கட்டடத்திலும் தப்பியதில்லை.

மூன்று நாள் அவர் தன் பொறுப்பில் இருந்த பதினான்கு கட்டடங்களிலும் லிஃப்டைத் தொடாமல் படியேறி இறங்கினார். கேட்டவர்களிடம் சோதனை என்றார். மனைவி அந்த ஞாயிறன்று எத்தனை நடந்து அலுத்துப் படுத்தாரோ அத்தனை நடை தன் காலிலும் ஏற வேண்டும் என்பது எண்ணம். இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, என்ன செய்யப் போகிறேன் என்பதை மனைவியிடமும் தங்கையிடமும் சொன்னார். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. தங்கை, உங்களையும் சேர்த்து நான்தான் தூக்க வேண்டுமா அத்தான் என்று கேட்டாள்.  மீட்டர்க்காரம்மா கையை ஊன்றிச் சுவர்ப் பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். மூணடியார் பக்கத்தில் படுத்துக் கிளிப்பைத் தன் கணுக்காலில் கடிக்கவிட்டுக் கண்ணை மூடினார். பல் பதிந்த இடத்தில் ரத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது வலிக்கவில்லை.

கணக்கு பாதிதான் பலித்தது. எடை கீழே போனது, கூண்டு மேலே வரவில்லை. வண்டி மேஜைமேல் எழுந்து, நான்கு காலும் தரித்து நின்றது. தங்கை ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு, கட்டிலில் அக்காவின் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள், அசைவில்லை. அத்தானின் காலைப் பார்த்தாள், அதிலும் இல்லை. பிறகு வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டினாள், அதை இங்கே எழுத முடியாது. திட்டிவிட்டுக் கிளிப்பைக் கழற்றி, வண்டியை எடுத்து வாசலில் இறக்கிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மணி இரண்டரை. வெயில் கடுமை. தார் ரோட்டில் முதல் நான்கு அடி வைத்ததுமே கட்டிலில் மீட்டர்க்காரம்மாவின் முகம் மாறியது. பாதத்துக்குக் கீழே தரை வந்துவிட்டது. ஆனால் இந்த நடை அவருக்குப் பழகியதாக இல்லை. எப்போதும் பின்னால் இழுபட்டு வருகிற பாரம் இன்றைக்குத் தானாக வந்தது, தப்பும் தவறுமாக, அவர் இடது வைத்தால் அதுவும் இடது வைத்துக்கொண்டு.

“பின்னாடி யாரு?” என்றார்.

“நான்தான்” என்றார் மூணடியார்.

 வண்டி முதல் வீட்டைக் கடந்து, சாக்கடைப் பலகையில் ஏறியது. மூணடியாரின் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. இத்தனை சூட்டையும் இத்தனை கல்லையும் இருபது வருடம் இவள் ஒருத்தியாக மிதித்திருக்கிறாள் என்று அப்போது அவருக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார்.

“பேசாதீங்க. பலகை ஆடுது. நான் வெச்ச எடத்துலயே வெச்சு வாங்க.”

எட்டு ஆண்டுகளாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. தங்கையின் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஏழரைக்கு வண்டி கிளம்பும், அவள் நோட்டோடு பின்னால் போவாள், தபால்காரர் ஒதுங்கி வழி விடுவார், முனையில் பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு அது கடக்கும் வரை வெற்றிலைப் பெட்டியைத் துழாவுவார். கட்டிலில் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். பேச்சு அதிகம் இல்லை, இருந்தாலும் ரோட்டைப் பற்றித்தான். மன்னித்தாயா என்று அவர் கேட்டதில்லை, மன்னித்தேன் என்று அந்தம்மா சொன்னதும் இல்லை. சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. நடைபாதை விளிம்பில் வண்டியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். முன்கால்கள் மேலே ஏறியதும் அங்கேயே நின்றுவிடும். பின்கால்கள் வழுக்கி, மறுபடி வைத்து, மறுபடி வழுக்கி ஏறி முடிக்க மூன்று நான்கு நிமிஷம்கூட ஆகும். அதுவரை நின்றிருந்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகும்.